ஹாப்ஸ் மணம் ஆறு வாரம் நிற்கும் வீட்டு பியர்: காற்றைத் தள்ளி வைக்கும் முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எங்கள் வீட்டில் புரட்டாசி பிறந்துவிட்டால் கவுச்சி கிடையாது, மதுவும் கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் காய்ச்சிய பியர் தீபாவளி வரை கெக்கில் (குழாய் மாட்டி ஊற்றும் எஃகுக் கலனில்) யார் கையும் படாமல் இருக்கும். நான் எவ்வளவு கவனமாக வேலை பார்த்தேன் என்பதை அந்த ஆறு வாரம் காட்டிக்கொடுத்துவிடும். முதல் வருடம் கெக்கில் ஏற்றிய அன்று வைக்கோல் நிறத்தில் கொய்யா வாசனையோடு இருந்த பியர், தீபாவளியன்று குழாயைத் திறந்தபோது ஆறிப்போன கட்டன் சாயா நிறத்தில் வந்தது. கொய்யா வாசனை மருந்துக்கும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டமாகத் திருத்தினேன். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபாங்க் பக்கம் புதிதாகக் காய்ச்சத் தொடங்கிய பலர் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன். கெக்கில் ஏற்றும் அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனமாக இருக்கிறார்கள். காற்று புகுந்து முடிந்ததோ அதற்கு முந்தைய மூன்று நாளில். அதனால் எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது, ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்கிறேன்.

மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறவைத்து, அதன் சாறான வோர்ட்டைக் கொதிக்கவைத்து, ஈஸ்ட் போடும் வரை பழகியவர்களுக்காக எழுதுகிறேன். அளவுகள் 20 லிட்டர் பேல் ஏல் அல்லது ஐபிஏ கணக்கு; இரண்டும் ஹாப்ஸ், அதாவது கசப்பும் மணமும் தரும் பூ, தூக்கலான பியர் வகைகள்.

1. கெட்டுப்போனதை அடையாளம் காணுங்கள்

வாழைக்காயை நறுக்கினால் உடனே தண்ணீரில் போடுகிறோம், இல்லாவிட்டால் கறுத்துவிடும். ஹாப்ஸ் நிறையப் போட்ட பியரிலும் ஏறக்குறைய அதே கதைதான். ஹாப்ஸிலிருந்தும் மால்ட்டிலிருந்தும் வந்த பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பேறுகின்றன. இரும்பு, செம்பு, மாங்கனீசு கொஞ்சம் இருந்தாலும் இந்த வேலை வேகமாகும். போர்வெல் தண்ணீரில் காய்ச்சுகிறவர்கள் இரும்பு அளவை ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

முதலில் மணம் மங்கும். அடுத்து நிறம் இருளும், கொஞ்சம் சாம்பல் கலந்த பழுப்பாகும். பிறகு தேன் போன்ற தித்திப்பு நாக்கில் தங்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும் என்று பலர் காத்திருக்கிறார்கள். ஹாப்ஸ் பியரில் அது வராமலேயே எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

மணம் குறைந்தால் ஹாப்ஸ் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை கூட்டிப் போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஹாப்ஸ் கூடினால் பாலிஃபீனாலும் மாங்கனீசும் கூடும், பியர் இன்னும் சீக்கிரம் கெடும். இருக்கிற மணத்தைக் காப்பாற்றுவதே முதல் வேலை.

ஓர் அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் காற்றோடு நன்றாகக் கலக்கவிட்ட தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். நல்ல ஆலைகள் அடைத்த பியருக்கு வைத்துக்கொள்ளும் இலக்கு 0.1 மில்லிகிராமுக்கும் கீழே. வீட்டில் அந்த இலக்கை எட்டுவது கடினம். அதை நோக்கி எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவு வாரம் மணம் நிற்கும்.

2. காய்ச்சும் நாளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

கெக்கைக் கழுவுவதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். ஈஸ்ட் போடும் முன்பே கெக் சுத்தமாகத் தயாராக நிற்க வேண்டும். நொதிக்கும்போது வரும் கரியமில வாயுவைக் கொண்டே கெக்கிலுள்ள காற்றை விரட்டப்போகிறோம், அந்த வாயு முதல் இரண்டு மூன்று நாளில்தான் வேகமாக வரும்.

கழுவியதும் கெக்கைக் கரியமில வாயு சிலிண்டரால் 2 பார் அழுத்தத்துக்கு ஏற்றி, மூடி விளிம்பிலும் இரண்டு முனைகளிலும் (வாயு போகும் கேஸ் முனை, பியர் வரும் பியர் முனை) சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். சிலிண்டரைக் கழற்றி இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் அழுத்தம் இறங்கியிருந்தால் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். மூடி வளையம் நன்றாக உட்கார அந்த முதல் அழுத்தம் அவசியம். சும்மா மூடி வைத்த கெக் பெரும்பாலும் கசியும்.

சிலிண்டரை எடை போட்டுப் பாருங்கள். வாயு பாதி வழியில் தீர்ந்துபோனால் அதற்குமுன் செய்த வேலை எல்லாம் வீண். திரவமாக அடைத்த வாயு தீரும் தறுவாய் வரை மீட்டர் முள் அசையாமல் நிற்கும், அதனால் முள்ளை நம்பக்கூடாது.

டியூப் விஷயத்தில் சிலிக்கோன் வேண்டாம். மெத்தென்று வளைகிறது, கொதிக்கும் வோர்ட்டைத் தாங்குகிறது என்று எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். ஆனால் சிலிக்கோன் சுவர் வழியாக ஆக்சிஜன் தாராளமாக ஊடுருவும். அதைச் சூடான வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நொதித்த பியருக்குத் தடித்த பிவிசி, முடிந்தால் ஆக்சிஜன் தடுப்பு அடுக்குள்ள இவிஏ டியூப். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

ஃபெர்மென்டரின், அதாவது பியர் நொதிக்கும் பாத்திரத்தின், அடியில் குழாய் இருக்க வேண்டும். மேலிருந்து சைஃபன் போட்டு இறக்குவதில் மூடியைத் திறந்தாக வேண்டும், பம்ப் வாயிலும் காற்று புகும்.

ஓர் எச்சரிக்கை. கண்ணாடிக் குடுவைக்குள் ஒருபோதும் அழுத்தம் ஏற்றாதீர்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளியும் அழுத்தத்துக்கானதல்ல. அழுத்தம் தாங்கும் ஃபெர்மென்டர் என்றால் அதன்மேல் எழுதியுள்ள அளவைத் தாண்டக்கூடாது. வாயு வெளியேற்றும் வேலையைக் கதவு திறந்த கராஜில் செய்யுங்கள், மூடிய சிறு அறையில் கரியமில வாயு ஆளைச் சாய்த்துவிடும்.

3. ஹாப்ஸ்

நம் நாட்டு ஹாப்ஸ் மேற்குக் கேப்பில் ஜார்ஜ் நகரைச் சுற்றியுள்ள மலைப் பகுதியில் விளைகிறது. பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. சதர்ன் பேஷன், ஆப்பிரிக்கன் குயீன் என்ற ரகங்களில் இருக்கும் பழ மணம் மிக மென்மையானது, காற்று பட்டால் முதலில் போவதும் அதுதான். பாக்கெட்டில் அறுவடை வருடம் பார்த்து வாங்குங்கள். காற்று உறிஞ்சிய ஃபாயில் பாக்கெட்டாக இருக்கட்டும், வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசர்.

100 கிராம் பாக்கெட்டில் 60 போட்டுவிட்டு மீதியை ரப்பர் பேண்ட் கட்டி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டர்பன் ஈரக் காற்றில் அது தாங்காது. பாக்கெட் அளவுக்கு ரெசிபியை மாற்றிக்கொள்வதே நல்லது. பிரித்ததும் பழைய சீஸ் வாசனை அடித்தால் அந்த ஹாப்ஸைப் போட வேண்டாம்.

4. ஆக்சிஜன் வேண்டிய ஒரே நேரம்

வோர்ட் ஆறிய பிறகு, ஈஸ்ட் போடும் அந்த நேரத்தில் மட்டும் காற்று வேண்டும். ஈஸ்ட் பெருகும்போது செல் சவ்வு கட்ட அதற்கு ஆக்சிஜன் தேவை. அப்போது நன்றாகக் குலுக்கிவிடுங்கள். உலர் ஈஸ்ட்டுக்கு இதுகூடப் பெரிதாக வேண்டியதில்லை.

ஈஸ்ட் போட்ட பிறகு கிளறுவது இல்லை, ஒரு ஃபெர்மென்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது இல்லை, மூடியைத் தூக்கிப் பார்ப்பது இல்லை. இரண்டாம் நாள் கரண்டி விட்டுக் கிளறி "ஈஸ்ட்டை எழுப்பினேன் அண்ணா" என்று சொன்ன தம்பியிடம் நான் சொன்னது இதைத்தான்: அது எழுந்துதான் இருக்கிறது, விட்டுவிடு.

5. கெக்கிலிருந்து காற்றை விரட்டுவது

காலி கெக் என்று நாம் சொல்வது உண்மையில் 19 லிட்டர் காற்று. அதில் நாலு லிட்டர் ஆக்சிஜன். ஒரு நிமிடம் கேஸை விட்டுவிட்டால் கனமான கரியமில வாயு அடியில் போர்வையாகப் படுத்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வாயுக்கள் அப்படி அடுக்கடுக்காக நிற்பதில்லை. உள்ளே வீசும் வேகத்திலேயே கலந்துவிடும், வீச்சு நின்ற பிறகும் கலந்துகொண்டே இருக்கும். போர்வையை நம்பி ஏற்றிய பியர்தான் என் முதல் வருடத்துப் பியர்.

அழுத்தம் ஏற்றி இறக்கும் முறைக்குக் கணக்கு உண்டு. 2 பார் ஏற்றித் திறந்தால் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகும். ஐந்து முறைக்குப் பிறகும் பத்து லட்சத்தில் 860 பங்கு மிச்சம் இருக்கும், பத்து முறைக்குப் பிறகு நாலு பங்கு. ஆனால் காலி கெக்கில் பத்து முறை என்றால் முக்கால் கிலோ அளவுக்கு வாயு காலி. இந்த முறையைப் பியர் ஏற்றி முடித்த கெக்கின் தலைப்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலி கெக்குக்கு நல்ல வழி இரண்டு.

முதல் வழி, நொதிப்பு வாயு. கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, சர்க்கரை தீரத் தீர இறங்கும்) 1.055ல் தொடங்கி 1.012ல் நிற்கும் 20 லிட்டர் வோர்ட் 400 லிட்டருக்கு மேல் கரியமில வாயுவைத் தருகிறது. ஏர்லாக் (மூடியில் மாட்டும் தண்ணீர் அடைப்பு) வழியாகச் சும்மா போகும் வாயு. ஃபெர்மென்டர் மூடியிலிருந்து வரும் டியூபைக் கெக்கின் பியர் முனையில் மாட்டுங்கள். கேஸ் முனையிலிருந்து இன்னொரு டியூபை ஒரு ஜாடித் தண்ணீருக்குள் விடுங்கள். பியர் முனையின் உள்குழாய் கெக்கின் அடிவரை போகிறது, அதனால் வாயு அடியிலிருந்து நிரம்பி மேலே உள்ள காற்றைத் தள்ளும். மாற்றி மாட்டினால் மேலே நுழைந்த வாயு நீளக் குழாய் வழியாகவே போய்விடும், துப்புரவு மெதுவாகும். கெக்கின் கொள்ளளவைப் போல் பத்து மடங்கு வாயு போனால் போதும். இருபது மடங்கு இருக்கிறது. ஈஸ்ட் போட்ட அன்றே மாட்டிவிட வேண்டும் என்பது இதனால்தான். நுரை பொங்கிக் கெக்குக்குள் போகாமல் இருக்க நடுவில் ஒரு காலி ஜாடி வையுங்கள்.

இரண்டாவது வழி, திரவத்தால் தள்ளுவது. ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கிக் கரைசலைக் கெக்கின் வாய் வரை, ததும்பும் அளவுக்கு நிரப்பி மூடுங்கள். மூடி வால்வைத் தூக்கிப் பிடித்து, கெக்கைச் சாய்த்து, மேலே ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியையும் வெளியே விடுங்கள். பிறகு கேஸ் முனையில் சிலிண்டரை மாட்டிக் கரைசல் முழுவதையும் பியர் முனை வழியாக வெளியேற்றுங்கள். காற்று இருந்த இடத்தைக் கரைசல் பிடித்தது, கரைசல் இருந்த இடத்தை வாயு பிடித்தது, நடுவில் கலப்பதற்கு இடமே இல்லை. ஒரு கெக் கொள்ளளவு வாயுதான் செலவு. கரைசலை வாளியில் பிடித்து அடுத்த கெக்குக்குப் பயன்படுத்தலாம்.

தண்ணீர் நிரப்பும்போது மூடிக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டுவிடுகிறார்கள். அந்த ஓர் அங்குலத்தில் அரை லிட்டருக்கு மேல் காற்று இருக்கிறது.

எந்த வழியானாலும், முடிந்ததும் கெக்கை அரை பார் அழுத்தத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை தொடும்போது "ஸ்ஸ்" என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று போகவில்லை என்று அர்த்தம்.

6. டிரை ஹாப் போடும் நேரம்

மணத்துக்காகக் கொதிக்கவைக்காமல் ஃபெர்மென்டரிலேயே போடும் ஹாப்ஸ்தான் டிரை ஹாப். நொதிப்பு முழுக்க முடிந்தபின் அதைப் போடுவதே பழைய வழக்கம். நான் அப்படிப் போடுவதில்லை. மூடியைத் திறந்த கணத்தில் காற்று உள்ளே போகும், ஹாப்ஸ் உருண்டைகளும் தங்களுக்குள் காற்றை வைத்திருக்கும். ஈஸ்ட் இன்னும் வேலையில் இருந்தால் அந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும், வெளிவரும் வாயு மிச்சத்தைத் தள்ளிவிடும். ஈஸ்ட் தூங்கிய பிறகு போட்டால் அதைத் துடைக்க ஆளில்லை.

அதனால் இறுதி கிராவிட்டிக்கு மூன்று நாலு புள்ளி மேலே இருக்கும்போது போடுங்கள். 1.012ல் நிற்கும் என்றால் 1.016ல். எங்கே நிற்கும் என்று முன்கூட்டித் தெரிய, காய்ச்சும் நாளில் 200 மில்லி வோர்ட்டைத் தனியாக எடுத்து, ஈஸ்ட் தாராளமாகப் போட்டுச் சூடான இடத்தில் வையுங்கள். அது இரண்டே நாளில் முடிந்து பதிலைச் சொல்லிவிடும். இந்தச் சின்ன வேலையைச் செய்தவர்கள் அதன்பின் ஃபெர்மென்டரை அடிக்கடி திறக்க மாட்டார்கள்.

மாதிரி எடுப்பதும் காற்றை அழைப்பதுதான். அடிக் குழாயில் 200 மில்லி பிடித்தால் ஏர்லாக் வழியாக 200 மில்லி காற்று உள்ளே வரும். அதிலுள்ள ஆக்சிஜன் 56 மில்லிகிராம். 20 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிகிராம், ஆலைகளின் இலக்கைப் போல் முப்பது மடங்கு. முதல் மூன்று நாளில் எடுத்தால் நொதிப்பு அதைத் துடைத்துவிடும். கடைசி நாளில் எடுத்தால் துடைக்காது.

போடும்போது ஹாப்ஸை எடை போட்டு, வாய் அகன்ற பாத்திரத்தில் கையோடு வைத்துக்கொண்டு, பிறகே மூடியைத் திறங்கள். கொட்டு, மூடு, பத்து நொடி வேலை. எப்படியோ நொதிப்பு முடிந்துவிட்டது என்றால் சிலிண்டர் கேஸ் மெதுவாக உள்ளே வீசிக்கொண்டிருக்கும்போது திறந்து போடுங்கள், மூடிய பிறகு ஐந்து நிமிடம் மேலும் வீச விடுங்கள்.

இரண்டு மூன்று நாள் போதும். ஹாப்ஸில் உள்ள என்சைம்கள் மீதமுள்ள மாவுச் சர்க்கரையை உடைத்துச் சற்றே புது நொதிப்பைக் கிளப்பும். அது அடங்கி, கிராவிட்டி நிலையாக நின்ற பிறகே அடுத்த படி. பாட்டிலில் அடைப்பவர்கள் இதில் அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும்.

7. குளிரவைக்கும்போது உள்ளே இழுக்கப்படும் காற்று

நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டது இது. தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த 2023ல் ஒரு ராத்திரி, கரண்ட் வந்ததும் ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. டார்ச்சோடு கதவைத் திறந்து பார்த்தேன். ஏர்லாக்கில் குமிழி வந்துகொண்டிருந்தது, ஆனால் வெளியே அல்ல, உள்ளே. நாலைந்து நொடிக்கு ஒன்று. தண்ணீர் மட்டம் ஃபெர்மென்டர் பக்கம் ஏறி நின்றது. அந்தப் பியர் அப்போது கெக்கின் பக்கத்துக்கே போகவில்லை.

20 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு இறக்கினால் மேலே உள்ள 5 லிட்டர் வாயு சுருங்குவது கால் லிட்டருக்குச் சற்று மேல்தான். பெரிய இழுப்பு பியரிலிருந்து வருகிறது. குளிர்ந்த பியர் கரியமில வாயுவைக் கூடுதலாகக் கரைத்துக்கொள்ளும், 20 லிட்டரும் நிறைவடைய 10 லிட்டருக்கு மேல் கேட்கும். அவ்வளவும் ஒரே நாளில் போவதில்லை, ஆனால் அது உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்கு அறைக் காற்று வரும். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் ஃபெர்மென்டர் மூச்சு விட்டு மூச்சு இழுத்துக்கொண்டே இருக்கும்.

புதியவர்களுக்கு என் யோசனை, ஃபெர்மென்டரில் குளிரவைக்கவே வேண்டாம். டிரை ஹாப் முடிந்ததும் 18 டிகிரியிலேயே கெக்கில் ஏற்றி, கெக்கை அழுத்தத்தோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். வண்டல் கெக்கின் அடியில் படியும், முதல் இரண்டு கிளாஸோடு போய்விடும். கெக்கின் உள்குழாயை ஒரு சென்டிமீட்டர் குட்டையாக வெட்டிவைத்தால் இன்னும் தெளிவு.

குளிரவைத்தே தீருவேன் என்பவர்கள் பிறந்தநாள் கடையில் விற்கும் பெரிய ஃபாயில் பலூன் இரண்டை வாங்கி, நொதிப்பின் மூன்றாம் நாளில் ஏர்லாக் இடத்தில் மாட்டி, வரும் வாயுவாலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குளிரும்போது ஃபெர்மென்டர் அதிலிருந்து இழுத்துக்கொள்ளும். ரப்பர் பலூன் ஆகாது, அதன் சுவர் வழியாக வாயு கசியும். அழுத்தம் தாங்கும் ஃபெர்மென்டர் உள்ளவர்கள் சிலிண்டரை 0.2 பாரில் மாட்டிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

8. கெக்கில் ஏற்றுவது

ஃபெர்மென்டரை மேசைமேல் ஏற்றி ஒரு மணி நேரம் அசையாமல் விடுங்கள். கெக்கைக் கீழே எடை மெஷின்மேல் வையுங்கள்.

முதலில் வாயு திரும்பும் டியூப். கெக்கின் அழுத்தத்தை முழுக்க இறக்கி, கேஸ் முனையிலிருந்து ஃபெர்மென்டர் மூடித் துளைக்கு டியூபை மாட்டுங்கள். பியர் இறங்க இறங்கக் கெக்கிலிருக்கும் வாயு ஃபெர்மென்டரின் தலைக்குத் திரும்பும். இந்த டியூபை மறப்பவர்கள்தான் அதிகம். அது இல்லாவிட்டால் 19 லிட்டர் பியர் போகிற இடத்துக்கு 19 லிட்டர் காற்று வரும்.

அடுத்து பியர் டியூப். கெக்கில் மாட்டும் முன் அதனுள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அடிக் குழாயை லேசாகத் திறந்து, டியூபின் முனையில் உள்ள வால்வை ஒரு சுத்தமான குச்சியால் அழுத்திப் பிடியுங்கள். காற்று போய், நுரை போய், வெறும் பியர் வரும்வரை ஒரு டம்ளரில் பிடியுங்கள். பிறகு பியர் முனையில் மாட்டித் திறந்துவிடுங்கள். டியூப் வழியே குமிழி ஓடினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, உடனே நிறுத்தி இறுக்குங்கள்.

எடை 18.5 கிலோ கூடியதும் நிறுத்துங்கள். எங்கே நிற்கிறது என்று மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, அதற்குத்தான் மெஷின். பிறகு சிலிண்டரை மாட்டி 2 பார் ஏற்றி வால்வைத் திறப்பதைப் பத்து முறை செய்யுங்கள். தலையில் அரை லிட்டர் இடம்தான் என்பதால் இப்போது வாயு செலவு மிகக் கொஞ்சம்.

ஜொகனஸ்பர்க் நண்பர்களுக்கு: உங்கள் ஊர் கடல் மட்டத்துக்குச் சுமார் 1,750 மீட்டர் மேலே. கெக்கின் அழுத்த மீட்டர் காட்டுவது அங்குள்ள காற்றழுத்தத்துக்கு மேலான அளவு. டர்பனில் நான் பியரில் வாயு ஏற்ற வைக்கும் அழுத்தத்தோடு சுமார் 0.2 பார் கூட்டிக்கொள்ளுங்கள்.

9. கெக் இல்லாதவர்கள்: பாட்டில்

பாட்டிலிலும் நல்ல ஐபிஏ வரும். உள்ளே ஈஸ்ட் மறுபடி நொதிப்பதால் கொஞ்சம் ஆக்சிஜனைத் தின்றுவிடும். கொஞ்சம்தான்.

பியரை வாளிக்கு மாற்றி, சர்க்கரை கலந்து, பிறகு பாட்டிலில் நிரப்பும் முறையை விட்டுவிடுங்கள். அந்த வாளி வெறும் காற்றுக் குளியல். சர்க்கரையைக் கொதித்த நீரில் பாகாக்கி, ஆறவைத்து, ஒவ்வொரு பாட்டிலிலும் சிரிஞ்சால் விடுங்கள். 340 மில்லி பாட்டிலுக்கு 2 கிராம் சர்க்கரை. ஃபெர்மென்டர் குழாயிலேயே அடியிலிருந்து நிரப்பும் தண்டை மாட்டி, முனை பாட்டிலின் அடியைத் தொட்டபடி நிரப்புங்கள். வாயு திரும்ப இங்கே டியூப் இல்லை, அதனால் ஏர்லாக் இடத்தில் அந்த ஃபாயில் பலூன் மாட்டியிருக்கட்டும்.

பாட்டில் கழுத்தில் விடும் இடம்தான் எல்லாம். 340 மில்லி பாட்டிலில் 15 மில்லி காற்று விட்டால் லிட்டருக்கு 12 மில்லிகிராம் ஆக்சிஜன். 4 மில்லி விட்டால் 3 சொச்சம். கடையில் வாங்கும் பியரில் இருக்கும் இடைவெளியைப் பார்த்து அதே அளவு விடுகிறார்கள். அந்த இடைவெளியில் இருப்பது காற்றல்ல, வாயுவும் நுரையும். நாம் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை நிரப்பலாம். சிலிண்டர் இருந்தால் மூடும்முன் ஒரு வீச்சு விட்டு, உடனே மூடி போடுங்கள். பத்துப் பாட்டிலை நிரப்பி வரிசையாக வைத்துப் பிறகு மூடுவது கூடாது. ஒன்று நிரப்பு, ஒன்று மூடு. இரண்டு பேர் இருந்தால் வேலை சுலபம்.

சோடா விற்ற பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு மூன்று வாரத்துக்குச் சரி, அதற்கு மேல் சுவர் வழியே காற்று வரும்.

10. மெட்டாபைசல்பைட்

பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், அதாவது கேம்டன் மாத்திரையில் இருப்பது, ஆக்சிஜனைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். 20 லிட்டருக்கு 0.3 கிராம், கொதித்து ஆறிய 30 மில்லி நீரில் கரைத்து. இந்த அளவு ஈஸ்ட்டைக் கொல்லாது. கெக் காலியாக, வாயு நிறைந்து இருக்கும்போதே, அழுத்தத்தை இறக்கி, மூடியின் வால்வைக் கழற்றி, கேஸ் மெதுவாக வெளியே வீசிக்கொண்டிருக்கையில் அந்தத் துளை வழியாகச் சிரிஞ்சால் விடுங்கள். பிறகு ஏற்றுங்கள்.

கண்ணளவில் போடாதீர்கள், தங்கம் நிறுக்கும் சின்ன எடை மெஷின் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் குடிப்பார்கள் என்றால் போடவே வேண்டாம், சல்பைட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முந்தைய படிகளைச் சரியாகச் செய்தவருக்கு இது கூடுதல் காவல். ஏற்கெனவே பழுப்பேறிய பியரை இது திருப்பிக் கொண்டுவராது.

11. வைப்பது, ஊற்றுவது

உள்ளே போன ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதைச் சூடு தீர்மானிக்கிறது. பியர் தொழிலில் புழங்கும் ஒரு கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் ஒரே அளவு முதுமை. ஹாப்ஸ் பியருக்கு அந்த 300ஐ நான் நம்புவதில்லை. ஆனால் டர்பன் ஜனவரி மாதத்தில் கராஜ் அலமாரியில் வைத்த பாட்டிலுக்கு அந்த 3 நாள் கணக்கு அப்படியே பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டிலில் வாயு ஏறியதும், பத்துப் பன்னிரண்டு நாளில், எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் இரண்டு பாட்டிலை ஒதுக்குங்கள். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று சூடான அலமாரியில். இரண்டு வாரம் கழித்து இரண்டையும் ஒரே மாதிரி கிளாஸில் ஊற்றி, பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் ஒன்றாக இருந்தால் உங்கள் முறை சரி. அலமாரிப் பாட்டில் ஒரு சாயல் இருண்டிருந்தால் காற்று புகுந்திருக்கிறது. அடுத்த முறை ஒரு படியை மட்டும் மாற்றி மறுபடி பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே முறை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

பிராய்க்கு (நெருப்பில் இறைச்சி சுடும் விருந்துக்கு) கொண்டுபோகக் கெக்கிலிருந்து பாட்டிலில் பிடித்தால், குழாய் முனையில் ஒரு துண்டு டியூப் மாட்டி, பாட்டிலின் அடிவரை விட்டு, முன்கூட்டிக் குளிரவைத்த பாட்டிலில் மெதுவாக நிரப்பி, நுரை வாயைத் தாண்டி வழியும்போது மூடுங்கள். அன்றைக்கே குடித்துவிடுங்கள். மறுநாள் மதியத்துக்கு என்று எடுத்துவைத்த பாட்டிலில் கொய்யா வாசனை பாதிதான் இருக்கும்.

இப்போது புரட்டாசிக்கு முதல் நாள் கெக்கை மூடும்போது ஒரு கிளாஸ் ஊற்றி, வெள்ளைத் தாள் முன்னால் வைத்துப் போட்டோ எடுத்துவைக்கிறேன். போன தீபாவளிக்கு அதே ஜன்னலில், அதே கிளாஸில் ஊற்றிப் போட்டோவோடு ஒப்பிட்டேன். நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மணம் கொஞ்சம் அடங்கியிருந்தது, ஆனால் கொய்யா கொய்யாவாகத்தான் இருந்தது.